குத்தூசியை எடு!

காலை மணி 9.15.

டீ ஆறிக்கொண்டிருக்கிறது. கைப்பேசித் திரை முழுக்கச் சிவப்பு.

நேற்று 400 ரூபாய். இன்று 320. நீ வாங்கிய பங்கு! உன் ஓவர்டைம் காசு. உன் வீட்டில் யாரோ ஆசைப்பட்டதை வாங்காமல் சேர்த்த காசு.

வாங்கும் பொத்தானுக்கு மேலே உன் கட்டைவிரல் நடுங்குகிறது. இன்னும் 100 பங்கு போடலாமா? ஆவரேஜ் செய்து, வாங்கிய சராசரி விலையை இறக்கிவிடலாமா? கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருந்துவிடலாமா?

யாரைக் கேட்கப்போகிறாய்? வாட்ஸ்அப் குழுவையா? யூடியூபில் கத்துகிறவரையா? பக்கத்து சீட்டு நண்பரையா?

பணம் உன்னுடையது. இழப்பும் உன்னுடையது. முடிவு மட்டும் ஏன் இரவல்?

“எனக்குக் கணக்கு வராது” என்கிறாய். சீட்டுக் கட்டுவதில் எத்தனையாவது மாதம் எடுத்தால் எவ்வளவு தள்ளுபடி என்று விரல்விட்டுச் சொல்கிறவன் நீ!

“நான் காமர்ஸ் படிக்கவில்லை” என்கிறாய். காய்கறிக் கடையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்துத்தானே வாங்குகிறாய்? எந்தக் கல்லூரியில் படித்தாய் அதை?

“எல்லாம் அதிர்ஷ்டம்” என்கிறாய். முயற்சி செய்யாதவன் தன் சோம்பலுக்கு வைத்துக்கொள்ளும் செல்லப்பெயர் அது!

சாக்குகளைக் கீழே போடு. நிமிர்ந்து உட்கார். நான் சொல்வதைக் கேள்.

எங்கள் தெருவில் ஒரு மளிகைக் கடை அண்ணாச்சி இருந்தார். துவரம்பருப்பு விலை இறங்கினால் தரகர் ஓடிவருவார். “அண்ணாச்சி, போன வாரத்தைவிட மூட்டைக்கு 200 ரூபாய் குறைவு. 10 மூட்டை இறக்கட்டுமா?”

அண்ணாச்சி பதில் பேசமாட்டார். குத்தூசியை எடுப்பார்.

மூட்டையின் வயிற்றில் ஒரு குத்து. சரசரவென்று உள்ளங்கையில் பருப்பு கொட்டும். ஊதிப் பார்ப்பார். முகர்ந்து பார்ப்பார். ஒன்றை எடுத்துக் கடைவாயில் போட்டுக் கடிப்பார். ‘கடக்’ என்று உடைகிறதா, ஈரத்தில் நசுங்குகிறதா?

ஒரு குத்தோடு விடமாட்டார். மேலே ஒன்று. நடுவே ஒன்று. அடியில் ஒன்று. பிறகுதான் வாய் திறப்பார். “பத்தையும் இறக்கு.” அல்லது, “வேண்டாம் டே, கொண்டு போ.”

போன வாரம் கூடுதல் விலைக்கு வாங்கிவிட்டோமே என்று அவர் ஒருநாளும் புலம்பியதில்லை. விலை குறைந்ததற்காக வண்டு விழுந்த பருப்பை அவர் ஒருநாளும் வாங்கியதில்லை.

மூட்டைப் பருப்புக்கு மூன்று குத்து! உன் வாழ்நாள் சேமிப்புக்கு எத்தனை குத்து குத்தினாய்?

ஒன்றுகூட இல்லையா?

அப்படியானால் இந்தக் கதையைக் கேள். நெஞ்சில் எழுதிக்கொள்.

2018 ஆகஸ்ட். யெஸ் பேங்க் பங்கு 400 ரூபாயைத் தொட்டது. ஊரெல்லாம் அதே பேச்சு.

செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதன் தலைமை அதிகாரியின் பதவிக்காலத்தைச் சுருக்கியது. செப்டம்பர் 21 அன்று ஒரே நாளில் பங்கு கால்பங்குக்கு மேல் சரிந்தது. “தள்ளுபடி விலையில் கிடைக்கிறது!” என்று எத்தனையோ பேர் வாங்கினார்கள்.

2019 ஏப்ரலில் அந்த வங்கி 1,507 கோடி ரூபாய் காலாண்டு நஷ்டத்தை அறிவித்தது. அதன் வரலாற்றிலேயே முதல் நஷ்டம். மறுபடியும் கால்பங்குக்கு மேல் சரிவு. “இன்னும் மலிவு!” என்று மறுபடியும் வாங்கினார்கள்.

2020 மார்ச் 5, வியாழக்கிழமை மாலை. ரிசர்வ் வங்கி அந்த வங்கியின் கதவில் கைவைத்தது. கணக்கில் எவ்வளவு இருந்தாலும் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. மறுநாள் வர்த்தகத்தின் நடுவே பங்கு 6 ரூபாய்க்கும் கீழே போய், 16 ரூபாய் அளவில் முடிந்தது.

ஒரு கணக்குப் போடு. 400 ரூபாயில் 100 பங்கு. 300இல் 100. 200இல் 100. 100இல் 100. மொத்த முதலீடு 1 லட்சம். கையில் 400 பங்கு. சராசரி விலை 250 ரூபாய். “400இலிருந்து 250க்கு இறக்கிவிட்டேன்!” என்று மார்தட்டலாம்.

16 ரூபாயில் அந்த 1 லட்சத்தின் மதிப்பு என்ன?

6,400 ரூபாய்!

இன்னும் முடியவில்லை. அந்த வங்கியின் மீட்புத் திட்டத்தில் ஒரு பூட்டு வந்தது. 100 பங்குக்குக் குறைவாக வைத்திருந்தவர்களுக்கு விலக்கு. மற்றவர்களின் பங்குகளில் 75 சதவீதத்தை 3 ஆண்டுகளுக்கு விற்க முடியாது. அந்த 400 பங்கில் 300 பங்கு பெட்டிக்குள்!

ஆவரேஜ் செய்தபோது குறைந்தது எது? திரையில் தெரிந்த ஓர் எண். பெருகியது எது? புதைகுழியில் இறங்கிய பணம்!

“எனக்கெப்படித் தெரியும்? உள்ளே நடந்தது வெளியே தெரியுமா?” என்று கேட்கிறாய் அல்லவா?

தெரிந்திருந்தது! அதுதான் வேதனை!

2015-16ஆம் ஆண்டுக்கு அந்த வங்கி காட்டிய வாராக்கடன் சுமார் 749 கோடி ரூபாய். ரிசர்வ் வங்கி ஆய்வு செய்து சொன்னது சுமார் 4,926 கோடி. ஆறு மடங்குக்கு மேல்! 2017இலேயே இந்த வித்தியாசம் வெளியிடப்பட்டுவிட்டது. யாரும் படிக்கலாம். இலவசமாகப் படிக்கலாம்.

பங்கு 400ஐத் தொட்டது அதற்கும் அடுத்த ஆண்டு!

மூட்டைக்குள் வண்டு இருந்தது. குத்தூசியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்தவர்கள்தான் குறைவு.

இப்போது, யெஸ் பேங்க் சரிந்த அதே மாதத்தின் இன்னொரு பக்கத்தைப் பார்.

2020 மார்ச் 23, திங்கட்கிழமை. முந்தைய நாள்தான் நோய்த்தொற்றைத் தடுக்க மக்கள் ஊரடங்கு. சந்தை திறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, 10 சதவீதம் விழுந்தது. வர்த்தகத்தை 45 நிமிடம் நிறுத்தினார்கள். மறுபடி திறந்தது. மறுபடி விழுந்தது. அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் 3,934 புள்ளிகளை இழந்து 25,981இல் முடிந்தது. ஜனவரியில் 42,000த்தைத் தாண்டியிருந்த சென்செக்ஸ்!

டைட்டனை எடுத்துக்கொள். 1984இல் தமிழக அரசின் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம். ஓசூரில் கடிகாரம் செய்து வளர்ந்த நிறுவனம். பிப்ரவரியில் 1,200 ரூபாய்க்கு மேல் இருந்த அதன் பங்கு, மார்ச்சில் 1,000 ரூபாய்க்கும் கீழே போனது.

பயம் பொய்யா? பொய்யில்லை! நகைக் கடைகள் மூடிக் கிடந்தன. அடுத்த காலாண்டில் அந்த நிறுவனம் நஷ்டமே காட்டியது.

ஆனால் குத்தூசி என்ன சொன்னது? கடைக்குப் பூட்டுப் போட்டது நோய்த்தொற்று. கல்யாணங்கள் தள்ளிப்போயின, நின்றுபோகவில்லை. தாலிக்குப் பொன் வாங்குவதை இந்த நாடு விட்டுவிடுமா?

2021 முடிவதற்குள் அந்தப் பங்கு 2,000 ரூபாயைத் தாண்டியது.

ஒரே மாதம். ஒரே சிவப்பு. ஒன்று உள்ளே அழுகி விழுந்தது. இன்னொன்று வெளியே அடித்த புயலில் சாய்ந்தது.

இரண்டுக்கும் காய்ச்சல்தான். ஒன்றுக்குப் பருவக் காய்ச்சல். மற்றதற்கு உள்ளுறுப்பில் சீழ். தெர்மாமீட்டரை மட்டும் பார்த்து மருந்து கொடுக்கிறவரை மருத்துவர் என்பாயா?

விலை என்பது தெர்மாமீட்டர்! அது காய்ச்சலைச் சொல்லும். காரணத்தைச் சொல்லாது. காரணத்தை நீதான் தேட வேண்டும்!

சரி, விலை ஏறினால்?

அங்கேயும் உன்னைப் பயம் பிடித்துக்கொள்கிறது. “100 ரூபாய்க்கு வாங்கியதை 200 ரூபாய்க்கு எப்படி வாங்குவது?” மனசு ஒப்பவில்லை. நல்ல நிறுவனம் வளர்ந்துகொண்டே போகிறது. நீ பேருந்து நிறுத்தத்திலேயே நிற்கிறாய், பழைய டிக்கெட் விலையைச் சொல்லிக்கொண்டு!

1946இல் சென்னை திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கியதுதான் எம்.ஆர்.எஃப். 2023 ஜூன் மாதம் அதன் ஒரு பங்கு 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. இந்தியாவில் அந்த விலையைத் தொட்ட முதல் பங்கு. வழிநெடுக ஒவ்வொரு படியிலும் “இதற்கு மேல் ஏறுமா?” என்று கேட்டு ஒதுங்கியவர்கள் எத்தனை பேர்!

1 லட்சம் ரூபாய்ப் பங்கு விலை அதிகம், 12 ரூபாய்ப் பங்கு மலிவு என்று நினைக்கிறாயா?

2020 ஜூலையில் அதே யெஸ் பேங்க் புதிய பங்குகளை 12 ரூபாய்க்கு விற்றது. விற்று முடித்தபோது அதன் மொத்தப் பங்குகள் சுமார் 2,500 கோடி. பெருக்கிப் பார். 30,000 கோடி ரூபாய். எம்.ஆர்.எஃப்-பின் மொத்தப் பங்குகள் சுமார் 42 லட்சம்தான். 1 லட்சத்தால் பெருக்கு. 42,000 கோடி ரூபாய்.

ஒரு வெட்டுத் துண்டின் விலையைப் பார்த்துக் கேக்கின் விலையைச் சொல்வாயா? எத்தனை துண்டு போட்டிருக்கிறார்கள் என்று எண்ண வேண்டாமா?

இறங்கினால் மலிவு என்பதும் மயக்கம். ஏறினால் ஆபத்து என்பதும் மயக்கம். ஏறுவதைப் பார்த்து விழுந்தடித்து ஓடுவதும் மயக்கம்!

இந்த மயக்கம் எங்கிருந்து வருகிறது? நீ வாங்கிய விலையிலிருந்து!

நீ 400 ரூபாய்க்கு வாங்கினாய் என்று அந்த நிறுவனத்துக்குத் தெரியுமா? அதன் இயந்திரங்களுக்குத் தெரியுமா? அதன் வாடிக்கையாளர்களுக்குத் தெரியுமா? அந்த 400 உன் நினைவில் மட்டும் இருக்கிறது. உன் தன்மானத்தோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது.

“போட்ட காசை எடுக்காமல் வரமாட்டேன்!” இது வீரமா? சூதாட்ட மேசையில் விடியவிடிய உட்கார்ந்திருக்கிறவனும் இதைத்தானே சொல்கிறான்?

50 சதவீதம் இழந்தால் பழைய இடத்துக்கு வர 100 சதவீதம் ஏற வேண்டும். 90 சதவீதம் இழந்தால்? பத்து மடங்காக வேண்டும்! பிடிவாதத்துக்கு எத்தனை வட்டி கட்டுகிறாய், பார்த்தாயா?

வெட்கப்படாதே. இது உன் ஒருவனின் பலவீனம் இல்லை. டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் 1979இலேயே எழுதிவைத்தார்கள். 100 ரூபாய் கிடைத்த மகிழ்ச்சியைவிட 100 ரூபாய் இழந்த வலி மனிதனுக்குப் பெரிது. அந்த வலியிலிருந்து தப்பிக்கத்தான் மனிதன் இன்னும் பெரிய ஆபத்தில் கால்வைக்கிறான்.

பயம் எல்லோருக்கும் உண்டு. பயத்தின் கையில் பணப்பையைக் கொடுப்பதா வேண்டாமா என்பது உன் கையில் உண்டு!

ஆகவே ஒரே ஒரு கேள்வி. கண்ணாடி முன் நின்று கேள்.

“இந்தப் பங்கு என்னிடம் ஒன்றுகூட இல்லை. கையில் பணம் இருக்கிறது. இன்று, இந்த விலையில், இதை முதல்முறையாக வாங்குவேனா?”

“வாங்குவேன், காரணம் இது” என்று சொல்ல முடிந்தால் மேலே போ. நாக்கு குழறினால் நிறுத்து. “பழைய நஷ்டத்தை ஈடுகட்ட” என்று பதில் வந்தால் பொத்தானிலிருந்து விரலை எடு!

காரணத்தை எங்கே தேடுவது? உன் பாட்டன் வழி காட்டியிருக்கிறான். திருக்குறளின் பொருட்பாலில் 47, 48, 49ஆம் அதிகாரங்களைப் புரட்டு. தெரிந்து செயல்வகை. வலியறிதல். காலமறிதல். வரிசையைப் பார்த்தாயா? அண்ணாச்சியின் மூன்று குத்தும் அதில் இருக்கிறது!

முதல் குத்து, சரக்கு.

தெரிந்து செய்! பட்டியலிடப்பட்ட நிறுவனம் ஒவ்வொரு காலாண்டின் முடிவையும் பங்குச் சந்தைக்குக் கொடுத்தே ஆக வேண்டும். என்.எஸ்.இ., பி.எஸ்.இ. இணையதளங்களில் கிடக்கிறது. காசு கேட்பதில்லை. விற்பனை வளர்கிறதா? லாபம் காகிதத்தில் மட்டும் நிற்கிறதா, பணமாக உள்ளே வருகிறதா? கடன் ஏறுகிறதா? புரமோட்டர்கள் தங்கள் பங்கை அடகு வைத்திருக்கிறார்களா? ஆடிட்டர் பாதியில் விலகிப் போனாரா?

புரியவில்லையா? முதல்நாள் யாருக்கும் புரியாது. சைக்கிள் முதல்நாளே ஓடியதா உனக்கு? முட்டி பெயர்ந்துதானே ஓடியது? ஒரு நிறுவனத்தின் எட்டுக் காலாண்டு முடிவுகளை எடு. ஒரு நோட்டில் உன் கையால் எழுது. விற்பனை, லாபம், கொடுத்திருக்கும் காலாண்டில் கடன். மூன்றே வரிசை. எட்டாவது வரியை எழுதும்போது அந்த எண்கள் உன்னோடு பேசும்!

இரண்டாவது குத்து, உன் கை.

வலியறி! சரக்கு தங்கமாகவே இருக்கட்டும். உன்னிடம் இருப்பது எந்தப் பணம்? பிள்ளையின் பள்ளிக் கட்டணமா? தொடாதே! ஆறு மாதச் செலவுக்கு ஒதுக்கிவைத்ததா? தொடாதே! கடன் வாங்கியதா? நகையை அடகு வைத்ததா? கையைக் கட்டிக்கொள்!

மொத்தச் சேமிப்பில் ஒரே பங்குக்கு எவ்வளவு என்று ஒரு கோடு போடு. 10 சதவீதமோ, 5 சதவீதமோ, உன் தாங்கும் சக்தியைப் பார்த்து நீயே போடு. அமைதியான ஞாயிற்றுக்கிழமையில் போடு. திங்கட்கிழமை சிவப்பைப் பார்த்து அதை அழிக்காதே!

மூன்றாவது குத்து, நேரம்.

காலமறி! அடிமட்ட விலையை எப்போதும் சரியாகப் பிடித்தவர் யாரும் இல்லை. நீயும் பிடிக்கமாட்டாய். பிடிக்கத் தேவையும் இல்லை. வாங்க முடிவு செய்தாயா? பணத்தை மூன்றாகப் பிரி. ஒரு பகுதிக்கு இன்று வாங்கு. அடுத்த காலாண்டு முடிவைப் படித்துவிட்டு அடுத்த பகுதிக்கு வாங்கு. உன் காரணம் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூன்றாவது. காரணம் செத்துவிட்டால்? நிறுத்து. கையில் இருப்பதையும் விற்றுவிட்டு வெளியே வா!

நஷ்டத்தில் விற்பது தோல்வி என்றா நினைக்கிறாய்?

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு சிறு நிறுவனத்தின் பங்கை மூன்று முறை ஆவரேஜ் செய்தேன். ஒரு முறைகூட அதன் ஆண்டறிக்கையைத் திறக்கவில்லை. விலை இறங்க இறங்க வாங்கினேன். அதைத் துணிச்சல் என்று நம்பினேன். பல மாதம் வீட்டில் சொல்லாமல் தூக்கம் கெட்டேன். ஒருநாள் இரவு உட்கார்ந்து அந்த அறிக்கையைப் படித்தேன். இருபது நிமிடம்! இருபதே நிமிடத்தில் பதில் இருந்தது. கடன் வருடத்துக்கு வருடம் வீங்கியிருந்தது.

மறுநாள் காலை விற்றேன். வலித்தது. கண் கலங்கியது. ஆனால் அன்று இரவு தூங்கினேன்.

நான் இழந்த பணம் திரும்பி வரவில்லை. நான் எடுத்த குத்தூசியை அதன் பிறகு கீழே வைக்கவில்லை!

விழுந்தாயா? எழு! ஏமாந்தாயா? கற்றுக்கொள்! ஒருமுறை சூடுபட்ட கையால்தான் அடுத்த முறை துணி பிடித்துப் பாத்திரத்தை இறக்குவாய். அடுப்படிக்கே போகமாட்டேன் என்று சொன்னால் பட்டினிதான்!

“சந்தையே சூது, நான் வரவில்லை” என்று ஓடுகிறாயா? அதுவும் பயம்தான். எதையும் படிக்காமல் வாங்கிக் குவிக்கிறாயா? அதுவும் பயம்தான். பிறர் முந்திவிடுவார்களே என்ற பயம்!

தன்னம்பிக்கை என்றால் “இது ஏறும்” என்று அடித்துச் சொல்வதா? நாளைய விலை எவருக்கும் தெரியாது. “என் காரணம் எனக்குத் தெரியும். அது பொய்த்தால் ஒப்புக்கொள்ளும் முதுகெலும்பு எனக்கு உண்டு” என்று சொல்கிறாயே, அதுதான் தன்னம்பிக்கை!

குத்திப் பார்த்த பிறகும் நீ தவறலாம். தவறினால் என்ன? ஏன் தவறினாய் என்று உன் நோட்டில் இருக்கும். அடுத்த முறை திருத்திக்கொள்வாய். கேள்விப்பட்டு வாங்கியவனுக்குத் திருத்திக்கொள்ள என்ன இருக்கிறது? திட்டுவதற்கு ஓர் ஆள் இருப்பான், அவ்வளவுதான்!

பெரிய பணம் வேண்டாம். ஆங்கிலப் புலமை வேண்டாம். ஏழு தலைமுறைச் செட்டிக் கணக்கு வேண்டாம். கூட்டல், கழித்தல், பெருக்கல். ஒரு நோட்டு, ஒரு பேனா. வாரத்துக்கு ஒரு மணி நேரம். இது உன்னால் முடியாதா? முடியும்!

இன்று இரவு ஒரு வேலை செய். உன்னிடம் இருக்கும் பங்குகளின் பெயரை ஒரு தாளில் எழுது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதை ஏன் வைத்திருக்கிறாய் என்று ஒரே வரியில் எழுது. வாங்கிய விலையை எழுதாதே.

வரி எழுத முடியாத பங்கில் நாளை ஒரு ரூபாய்கூடப் போடாதே. முதலில் அதன் ஆண்டறிக்கையைத் திற.

மூட்டை உன் முன்னால் இருக்கிறது. தரகர் அவசரப்படுத்துகிறார். பக்கத்துக் கடைக்காரர் பத்து மூட்டை இறக்கிவிட்டார். இருக்கட்டும்!

நீ குத்தூசியை எடு.